மூன்றாவது ஓட்டை

1942-ம் வருடம். லண்டன் மாநகரம் ஹிட்லரின் குண்டுகளை வாங்கி வாங்கி அலுத்துப்போயிருந்தது. தெருவுக்குத் தெரு இடிபாடுகள். வீடு பறிபோன ஜனங்கள் லட்சக்கணக்கில். யுத்தம் எந்தப் பக்கம் சாயும் என்று யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் அங்கே இருபது பேர் கொண்ட ஒரு கமிட்டி கூடி, மும்முரமாக ஒரு விஷயத்தை அலசிக்கொண்டிருந்தது. பீரங்கி பற்றியோ விமானம் பற்றியோ அல்ல. வீட்டு வயரிங் பற்றி. சுவரில் இருக்கிற பிளக் பாயிண்ட் பற்றி!

சிரிக்க வேண்டாம். பிரிட்டிஷ்காரர்களின் கணக்கு தெளிவாக இருந்தது. யுத்தம் என்றைக்காவது முடியத்தானே போகிறது? முடிந்ததும் லட்சக்கணக்கில் வீடுகள் கட்டியாக வேண்டும். அத்தனை வீடுகளுக்கும் வயரிங் செய்யத் தாமிரக் கம்பி வேண்டும். தாமிரமோ தோட்டாவுக்கும் ஷெல்லுக்குமே போதவில்லை. குறைந்த தாமிரத்தில், ஏழை வீட்டுக்கும் கட்டுப்படியாகிற மாதிரி, அதேசமயம் தவழ்கிற குழந்தை விரலை விட்டாலும் ஆபத்தில்லாத மாதிரி ஒரு ஏற்பாடு செய்ய முடியுமா? இதுதான் கமிட்டியின் முன்னால் இருந்த கேள்வி.

அந்த இருபது பேரில் ஒரே ஒருவர் பெண். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் நாம் அறுபது வருடம் பின்னால் போயாக வேண்டும். ஏனென்றால், கரண்ட் வீட்டுக்குள் நுழைந்தபோது பிளக் என்று ஒரு சமாசாரமே கிடையாது!

*

1882 செப்டம்பரில் நியூயார்க்கின் பேர்ல் ஸ்ட்ரீட்டில் தாமஸ் ஆல்வா எடிசன் தன் மின்நிலையத்தைத் திறந்துவைத்தார். எடிசன் விற்றது மின்சாரம் என்று நாம் நினைக்கிறோம். அவரைப் பொறுத்தவரை அவர் விற்றது வெளிச்சம். கரண்ட் எதற்கு? விளக்குக்கு. விளக்கு எங்கே? உத்தரத்தில். எனவே கம்பியும் உத்தரத்தோடு சரி. சுவரில் ஓட்டை போட யாருக்கும் தோன்றவில்லை. தேவையும் இல்லை.

கொஞ்ச காலத்திலேயே ஆட்கள் விதவிதமான சாமான்களைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மின்விசிறி வந்தது. இஸ்திரிப் பெட்டி வந்தது. ரொட்டி வாட்டுகிற டோஸ்டர் வந்தது. வாங்கி வந்தாயிற்று, எங்கே மாட்டுவது? வீட்டில் கரண்ட் வெளியே தலைகாட்டுகிற ஒரே இடம் பல்பு ஹோல்டர்தான். எனவே பல்பைக் கழற்று, இஸ்திரிப் பெட்டியின் வயரை அந்த ஹோல்டரில் திருகு. துணி தேய்க்கிற வரைக்கும் வீடு இருட்டு. வயரோ உத்தரத்திலிருந்து தூக்குக் கயிறு மாதிரி ஆடும். திருகத் திருக வயரும் முறுக்கிக்கொள்ளும்.

இது ஏதோ அமெரிக்கப் பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. பல்பு ஹோல்டரில் மாட்டிக்கொண்டு, பல்புக்கும் இடம் கொடுத்து, பக்கவாட்டில் இரண்டு ஓட்டையும் வைத்திருக்கிற ஒரு சின்ன வஸ்து நம்மூர் எலெக்ட்ரிக் கடைகளில் இன்றைக்கும் கிடைக்கிறது. எடிசன் காலத்துப் பிரச்னைக்கு எடிசன் காலத்துத் தீர்வு!

இந்தத் திருகுகிற தொல்லைக்கு முடிவு கட்டியவர் ஹார்வி ஹப்பெல் என்கிற அமெரிக்கர். ஊர், கனெக்டிகட் மாகாணத்தின் பிரிட்ஜ்போர்ட். சங்கிலியை இழுத்தால் விளக்கு எரிகிற, மறுபடி இழுத்தால் அணைகிற சுவிட்சுக்கு 1896-லேயே காப்புரிமை வாங்கியவர். அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். காசு போட்டு விளையாடுகிற இயந்திரங்கள் நிறைந்த ஒரு கூடத்துக்கு ஹப்பெல் போயிருந்தார். அங்கே பெருக்குகிற ஆள் ஒருவர், இயந்திரத்தை நகர்த்தவேண்டி ஒவ்வொரு வயராகக் கழற்றிவைத்துவிட்டு, பெருக்கி முடித்ததும் எது எங்கே இருந்தது என்று தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்தாராம். 'இத்தனை வயரையும் ஒரே இழுப்பில் பிடுங்கி, ஒரே அழுத்தில் மாட்ட முடிந்தால்?' என்று ஹப்பெலுக்குப் பொறி தட்டியதாம். கதை எப்படியோ, 1904 நவம்பரில் அவருக்குக் கிடைத்த காப்புரிமை நிஜம். ஒரு துண்டை பல்பு ஹோல்டரில் திருகி நிரந்தரமாக விட்டுவிடலாம். இன்னொரு துண்டை வேண்டும்போது செருகி, வேண்டாதபோது உருவிக்கொள்ளலாம். அமெரிக்க பிளக்கின் தாத்தா இதுதான்.

பின்னாளில் அதுவே இரண்டு தட்டையான தகடுகளாக உருமாறி அமெரிக்கா, கனடா, ஜப்பான் என்று பரவியது. அமெரிக்காவிலிருந்து வருகிற உறவுக்காரர்கள் கொண்டுவரும் சாமான்களில் பார்த்திருப்பீர்கள். இங்கே ஒரு வார்த்தை. கடையில் விற்கிற அடாப்டர், பின்னின் உருவத்தை மட்டும்தான் மாற்றும், வோல்ட்டேஜை மாற்றாது. அங்கே 120 வோல்ட், இங்கே 230. 'இரண்டுக்கும் ஏற்றது' என்று எழுதியிருந்தால் பிழைத்தது. இல்லையென்றால் சித்தப்பா ஆசையாகக் கொண்டுவந்த மிக்ஸி ஒரே நிமிஷத்தில் புகைந்துபோகும்.

*

சரி, ஹப்பெல் ஒரு பிளக்கைச் செய்துவிட்டார். உலகம் மொத்தமும் அதையே எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே? ஏன் ஊருக்கு ஒரு பிளக்?

காரணம் ரொம்ப சாதாரணம். அந்தக் காலத்தில் யாரும் இஸ்திரிப் பெட்டியோடு கப்பலேறவில்லை! லண்டனில் வாங்கிய விசிறி லண்டனில்தான் சுற்றும். பெர்லினில் வாங்கியது பெர்லினிலேயே சாகும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்கிற அவசியமே எழவில்லை. ஒரே நாட்டுக்குள்கூட எழவில்லை. பிரிட்டனில் ஊருக்கு ஊர் தனித்தனி மின்சாரக் கம்பெனி. இந்த ஊரில் ஒரு வோல்ட்டேஜ், பக்கத்து ஊரில் இன்னொன்று. வீடு மாற்றிக்கொண்டு போனால் பழைய சாமான்களைத் தலைமுழுக வேண்டியதுதான்.

போதாததற்கு இன்னொரு கூத்து. விளக்குக்கு ஒரு ரேட், ஹீட்டர் போன்ற பெரிய சாமான்களுக்குக் குறைந்த ரேட், தனித்தனி மீட்டர் என்று பல ஊர்களில் வைத்திருந்தார்கள். மலிவான கரண்ட்டில் பெரிய சாமான், மற்றதில் சின்ன சாமான். ஆகவே ஓட்டையும் இரண்டு அளவு! இத்தாலியிலும் இதே கதை. வெளிச்சத்துக்கு வேறு கட்டணம், மற்றதற்கு வேறு கட்டணம். அந்த வித்தியாசமெல்லாம் எப்போதோ காலாவதியாகிவிட்டது. ஆனால் இத்தாலியச் சுவர்களில் சின்ன ஓட்டை, பெரிய ஓட்டை என்று இரண்டு ஜாதி இன்னமும் உயிரோடு இருக்கிறது. சட்டம் செத்தாலும் சாக்கெட் சாகாது!

பிரிட்டனில் 1934-ல் ஒரு தரநிர்ணயம் வெளியானது. பெயர் பி.எஸ். 546. உருண்டையான மூன்று பின்கள். 2 ஆம்ப், 5 ஆம்ப், 15 ஆம்ப், 30 ஆம்ப் என்று நான்கு சைஸ். இதைப் படிக்கும்போதே உங்கள் பார்வை பக்கத்துச் சுவருக்குப் போயிருக்கும். ஆமாம், அதுவேதான். உங்கள் வீட்டு பிளக் பாயிண்ட்டின் பூர்வாசிரமம் இதுதான்.

அந்த மூன்றாவது, தடியான பின்னைக் கவனியுங்கள். எர்த் பின். அது கரண்ட்டைக் கொண்டுவருவதும் இல்லை, கொண்டுபோவதும் இல்லை. பிளக்கில் மாட்டிய நாள் முதல் சும்மாவே இருக்கிற ஆசாமி. ஆனால் ஒருநாள் இஸ்திரிப் பெட்டிக்குள்ளே வயரின் தோல் உரிந்து, ஃபேஸ் கம்பி இரும்பு உடம்பில் பட்டுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி முழுக்கக் கரண்ட். எர்த் இல்லாவிட்டால் அது காத்துக்கொண்டிருக்கும். நீங்கள் தொட்டவுடன் உங்கள் உடம்பு வழியாகத் தரைக்கு இறங்கும். எர்த் இருந்தால்? நீங்கள் வரும்வரை காத்திருக்காது. தடையில்லாத அந்த வழியிலேயே குபீரென்று பாயும். பாய்கிற வேகத்தில் ஃபியூஸ் போய்விடும். பெட்டி செத்துவிடும், நீங்கள் பிழைத்துவிடுவீர்கள்.

ஏன் அது மட்டும் நீளம்? செருகும்போது முதலில் எர்த் பிடித்துக்கொள்ள வேண்டும், பிறகுதான் கரண்ட் வர வேண்டும். உருவும்போது கரண்ட் முதலில் போக வேண்டும், எர்த் கடைசியில். பாதுகாவலர் முதலில் வந்து கடைசியில் கிளம்புகிற மாதிரி. ஏன் தடி? தப்பித்தவறிக்கூட ஃபேஸ் ஓட்டைக்குள் அது நுழைந்துவிடக் கூடாது. அவ்வளவுதான் சூட்சுமம்.

ஜெர்மனியில் வேறு மாதிரி யோசித்தார்கள். நூரம்பர்க் அருகே லவுஃப் என்கிற ஊரில் ஆல்பர்ட் புட்னர் என்பவர் 1920-களில் 'ஷூக்கோ' என்று ஒரு வகையைக் கொண்டுவந்தார். பாதுகாப்புத் தொடர்பு என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லின் சுருக்கம் அது. குழிவான சாக்கெட், மேலும் கீழும் எர்த்துக்கு இரண்டு உலோகப் பட்டைகள். எப்படித் திருப்பிச் செருகினாலும் பொருந்தும். பிரெஞ்சுக்காரர்கள், ஜெர்மன்காரர்கள் செய்ததை அப்படியே செய்வார்களா? எர்த் பின்னை பிளக்கில் வைக்காமல் சாக்கெட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்தார்கள்! ஆஸ்திரேலியாவில் சாய்ந்த தட்டைப் பின்கள். சுவிட்சர்லாந்துக்குத் தனி, டென்மார்க்குக்குத் தனி. எல்லாவற்றையும் கூட்டினால் இன்றைக்கு உலகில் ஆங்கிலத்தின் முதல் எழுத்திலிருந்து பதினைந்தாவது எழுத்துவரை பெயர் சூட்டப்பட்ட பதினைந்து வகை பிளக்குகள் இருக்கின்றன. நம் வீட்டுச் சின்ன பிளக் 'டி' வகை, பெரிய பவர் பிளக் 'எம்' வகை.

*

இப்போது லண்டன் கமிட்டிக்குத் திரும்புவோம். அந்த ஒரே பெண்மணியின் பெயர் கேரலின் ஹாஸ்லெட்.

1895-ல் பிறந்தவர். அப்பா ரயில்வேயில் சிக்னல் கருவிகளைப் பொருத்துகிற தொழிலாளி. மகள் ஒரு பாய்லர் கம்பெனியில் ஆபீஸ் வேலைக்குப் போனார். முதல் உலக யுத்தத்துக்கு ஆண்களெல்லாம் கிளம்பிப் போக, பொறுப்புகள் இவர் தலையில் விழுந்தன. பாய்லர்களைப் பற்றித் தானே கற்றுக்கொண்டார். 1919-ல் இன்ஜினீயரிங் துறைப் பெண்களுக்கென்று ஒரு சங்கம் உருவானபோது அதன் முதல் செயலாளர் இவர். 1924-ல் பெண்களுக்கான மின்சாரச் சங்கத்தை ஆரம்பித்து அதன் இயக்குநராகவும் ஆனார்.

ஹாஸ்லெட்டின் வாதம் எளிமையானது. மின்சாரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாம் ஆண்கள். வீட்டில் அதோடு மல்லுக்கட்டுகிறவர்களோ பெண்கள். துவைப்பதும் தேய்ப்பதும் கரி அடுப்பை ஊதுவதும் அவர்களது வாழ்நாளைத் தின்றுகொண்டிருக்கின்றன. கரண்ட் அந்த அடிமைத்தனத்திலிருந்து விடுதலை தரும். ஆனால் அதைப் பார்த்து அவர்கள் பயப்படக் கூடாது. ஆகவே பாதுகாப்பு முக்கியம். அவர் கூட்டம் கூட்டமாகப் பெண்களுக்கு ஃபியூஸ் என்றால் என்ன, எர்த் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கமிட்டியில் அவருக்கு இடம் கிடைத்தது தயவினால் அல்ல. வீட்டு மின்பாதுகாப்பு என்றால் நாட்டில் முதலில் நினைவுக்கு வருகிற பெயர்களில் ஒன்று அவருடையது.

1944-ல் கமிட்டி அறிக்கை தந்தது. அதில் இரண்டு யோசனைகள் முக்கியமானவை.

ஒன்று, வயரிங் முறை. அதுவரைக்கும் ஃபியூஸ் பெட்டியிலிருந்து ஒவ்வொரு பெரிய பாயிண்ட்டுக்கும் தனித்தனிக் கம்பி இழுத்தார்கள். மரத்திலிருந்து கிளை பிரிகிற மாதிரி. கமிட்டி சொன்னது: ஒரே கம்பி. ஃபியூஸ் பெட்டியில் கிளம்பி, எல்லா அறைகளிலும் எல்லா பாயிண்ட்டையும் தொட்டுக்கொண்டு, ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி ஃபியூஸ் பெட்டிக்கே வந்து சேரட்டும். கோயில் பிராகாரம் மாதிரி. நடுவில் எந்த இடத்தில் சாமானை மாட்டினாலும் கரண்ட் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேரும். பாரம் இரண்டாகப் பங்கிடப்படுவதால் கம்பி மெல்லிசாக இருந்தால் போதும். தாமிரம் மிச்சம்!

ஆனால் இதில் ஒரு சிக்கல். அந்தச் சுற்றுக்கு 30 ஆம்ப் ஃபியூஸ். மேஜை விளக்கின் நூல் போன்ற வயரில் கோளாறு வந்தால், 30 ஆம்ப் ஃபியூஸ் அவ்வளவு சீக்கிரம் அசைந்துகொடுக்காது. அதற்குள் வயர் எரிந்துவிடும். இதற்குத்தான் இரண்டாவது யோசனை: ஃபியூஸை பிளக்குக்குள்ளேயே வைத்துவிடு! மேஜை விளக்கு பிளக்கில் 3 ஆம்ப், ஹீட்டர் பிளக்கில் 13 ஆம்ப். ஓட்டை எல்லாம் ஒரே அளவு. எதை வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் மாட்டு.

1947-ல் பி.எஸ். 1363 என்ற பெயரில் அந்த பிளக் வெளியே வந்தது. சதுரம் சதுரமாக மூன்று கட்டைப் பின்கள். எர்த் பின் நீளம். அது உள்ளே போனால்தான் மற்ற இரண்டு ஓட்டைகளை மூடியிருக்கும் தடுப்பு விலகும். குழந்தை ஊசியை விட்டாலும், விரலை வைத்தாலும் வெறும் பிளாஸ்டிக்தான். வயர் பின்பக்கமாக வராமல் கீழே இறங்கும். எனவே வயரைப் பிடித்து இழுத்துப் பிடுங்குகிற நம் எல்லோருடைய கெட்ட பழக்கமும் அங்கே பலிக்காது. சரியாக வயரிங் செய்த பிளக்கில் எர்த் வயரைக் கொஞ்சம் தாராளமாக விட்டிருப்பார்கள். யாராவது முரட்டுத்தனமாக இழுத்தாலும் அறுந்துபோவதில் அதுதான் கடைசி. இதில் குறை உண்டா? உண்டு. தரையில் கிடந்தால் மூன்று பின்னும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். ராத்திரி வெறுங்காலோடு அதை மிதித்த எந்தப் பிரிட்டிஷ்காரரும் வாழ்நாளில் மறந்ததில்லை!

போட்டியாளர்களும் இருந்தார்கள். டார்மன் அண்டு ஸ்மித் என்ற கம்பெனி, பின்னையே ஃபியூஸாகச் செய்து விற்றது. புத்திசாலித்தனமான யோசனைதான். ஆனால் அந்தப் பின் நாளடைவில் திருகு தளர்ந்து, பிளக்கை உருவும்போது சாக்கெட்டிலேயே தங்கிவிடும். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஃபேஸ் கம்பி! சொல்ல வேண்டுமா? அந்த வகை மெல்ல மெல்ல மறைந்தது.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. புதுசு வந்துவிட்டாலும் பழைய வீடுகளில் உருண்டை ஓட்டைதானே? வாங்குகிறவர் வீட்டில் எது இருக்கிறது என்று கடைக்காரருக்கு எப்படித் தெரியும்? அதனால் பிரிட்டனில் பல வருஷங்கள் பெரும்பாலான மின்சாமான்களை பிளக் இல்லாமலேயே விற்றார்கள்! வயர் நுனி மொட்டையாக இருக்கும். பிளக்கைத் தனியாக வாங்கி நீங்களே மாட்டிக்கொள்ள வேண்டும். எந்த நிறக் கம்பி எந்தப் பின்னுக்கு என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். வீட்டுக்கு வீடு அரைகுறை எலெக்ட்ரீஷியன்கள். கடைசியில் 1994-ல் சட்டம் போட்டுத்தான், சாமானோடு பிளக்கும் சேர்ந்தே வர வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள்.

ஹாஸ்லெட்டுக்கு 1947-ல் 'டேம்' பட்டம் கிடைத்தது. அதே வருடம் நாட்டுடைமையான மின்சார ஆணையத்திலும் உறுப்பினரானார். ஒரு நிலக்கரிக் கப்பலுக்கு அவர் பெயரை வைத்தார்கள். 1957-ல் இறந்தபோது தன் உயிலில் எழுதியிருந்த ஆசை என்ன தெரியுமா? தன் உடலை மின்சாரத்தில் தகனம் செய்ய வேண்டும். அப்படியே செய்தார்கள்.

*

1947 என்ற வருடத்தை மறுபடி ஒருமுறை பாருங்கள். நமக்கு அது சுதந்திரம் வந்த வருடம். அவர்களுக்கு, பழைய உருண்டைப் பின்னுக்கு விடைகொடுக்கத் தொடங்கிய வருடம். அவர்கள் தங்கள் வீட்டில் கழித்துக்கட்ட ஆரம்பித்த பிளக், இங்கே சுவர் சுவராகத் தங்கிவிட்டது!

அதன் பிறகும் பிரிட்டிஷ் நிழலில் இருந்த சிங்கப்பூர், மலேசியா, ஹாங்காங், சைப்ரஸ், மால்டா, கென்யா போன்ற இடங்களில் எல்லாம் சதுரப் பின் குடியேறியது. சிங்கப்பூரில் பிள்ளை வீட்டுக்குப் போகிற நம்மூர்ப் பெற்றோர்கள், போன் சார்ஜரோடு விழிப்பது இதனால்தான். இலங்கை ரொம்ப காலம் நம்மைப் போலவே உருண்டைக் கட்சியில் இருந்தது. கூடவே சதுரமும் புழங்க, ஒரு வீட்டிலேயே மூன்று தினுசு ஓட்டைகள். 2016-ல்தான், இனி 13 ஆம்ப் சதுரப் பின்தான் நாட்டின் தரம் என்று முடிவெடுத்து, மற்றதைப் படிப்படியாக விலக்கும் வேலையைத் தொடங்கினார்கள். தென்னாப்பிரிக்காவில் இன்னொரு விதம். பி.எஸ். 546-ன் பெரிய 15 ஆம்ப் பின்னையே எல்லாவற்றுக்கும் பிடித்துக்கொண்டார்கள். சின்ன மேஜை விளக்குக்கும் கட்டாரி மாதிரி ஒரு பிளக்!

நாம் நமக்கென்று தரநிர்ணயம் எழுதிக்கொண்டோம். ஐ.எஸ். 1293 என்று பெயர். 5 ஆம்ப் 6 ஆனது, 15 ஆம்ப் 16 ஆனது. உருவம் அதேதான். ஆனால் பிளக்குக்குள் ஃபியூஸ் என்கிற யோசனை இங்கே வரவில்லை. ஓட்டைக்குத் தடுப்புப் பலகை பின்னாளில்தான் வந்தது. வந்ததும் நம்மவர்கள் என்ன செய்தார்கள்? இரண்டு பின் சார்ஜர் உள்ளே போகவில்லை என்றதும் எர்த் ஓட்டையில் பென்சிலை விட்டு அழுத்தி, தடுப்பைத் திறந்து, சார்ஜரைச் செருகினார்கள்! குழந்தையைக் காப்பாற்ற வைத்த பூட்டை, குழந்தையின் கண்ணெதிரிலேயே திறந்துகாட்டினால் எப்படி? அதுவும் நாளைக்கு அதையேதானே செய்து பார்க்கும்?

அந்த மெல்லிய இரண்டு பின்னுக்கும் ஒரு ஜாதகம் உண்டு. ஐரோப்பா முழுவதும் ஏதாவது ஒரு பிளக்காவது எல்லா நாட்டிலும் பொருந்தட்டும் என்று 1963-ல் ஏற்பட்ட சமரசம் அது. 'யூரோ பிளக்' என்பார்கள். இரண்டரை ஆம்ப்புக்கு மேல் தாங்காது. பின்னின் குறுக்களவு 4 மில்லிமீட்டர். நம் 6 ஆம்ப் ஓட்டையோ 5 மில்லிமீட்டர் சொச்சம் உள்ள பின்னுக்காகச் செய்தது. அதனால்தான் சில இடங்களில் லொடலொடவென்று ஆடுகிறது. ஆடினால் பொறி பறக்கும். பொறி பறந்தால் சூடேறும். சாக்கெட்டைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் கருகல் தெரிகிறதா? அது அழுக்கு அல்ல, எச்சரிக்கை.

*

உலகத்துக்கெல்லாம் ஒரே பிளக் வைத்துக்கொள்ள யாருமே முயலவில்லையா? முயன்றார்கள். 1906-ல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் என்று ஒன்று பிறந்தது. முதல் தலைவர் கெல்வின் பிரபு. இரண்டு உலக யுத்தம், எண்ணற்ற கூட்டங்கள் எல்லாம் தாண்டி ஒருவழியாக 1986-ல் 'இதோ உலகப் பொது பிளக்' என்று ஒரு வடிவத்தை வெளியிட்டார்கள். சின்னதாக, மூன்று உருண்டைப் பின்களோடு அழகாகத்தான் இருந்தது. யார் ஏற்றுக்கொண்டார்கள்? பிரேசில் எடுத்துக்கொண்டது. அதையும் தன் வசதிக்கு இரண்டு சைஸாகத் திருத்திக்கொண்டது! தென்னாப்பிரிக்கா புதுக் கட்டடங்களுக்குக் கொண்டுவந்தது. மற்றவர்கள் கைகட்டி வேடிக்கை பார்த்தார்கள். ஐரோப்பாவும் 1990-களில் தன் நாடுகளுக்கு ஒரே பிளக் கொண்டுவரப் பார்த்து, ஆகிற செலவைக் கணக்குப்போட்டதும் சத்தமில்லாமல் எழுந்துபோய்விட்டது.

யோசித்தால் நியாயம்தான். ஒரு நாட்டின் பணத்தை ஒரே ராத்திரியில் மாற்றிவிடலாம். சாலையில் இடப்பக்கம் போவதை வலப்பக்கமாக மாற்றலாம். ஸ்வீடன் 1967-ல் ஒரே நாளில் மாற்றியது. ஆனால் சுவரில் இருக்கும் ஓட்டையை? கோடிக்கணக்கான வீடுகள், வீட்டுக்குப் பத்து இருபது ஓட்டைகள், ஒவ்வொன்றுக்கும் ஏற்ற சாமான்கள். மாற்றுகிற பத்து வருஷத்தில் பழசும் புதுசும் கலந்து கிடக்க, ஆளாளுக்கு அடாப்டர் மாட்டி, இருந்த பாதுகாப்பும் போய்விடும்.

ஒற்றுமை கடைசியில் வேறு வழியாக எட்டிப்பார்த்தது. சுவர்ப் பக்கம் முடியாததை வயரின் மறுமுனையில் சாதித்தார்கள். செல்போன்களுக்கு எல்லாம் யு.எஸ்.பி.-சி என்கிற ஒரே துளைதான் இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய யூனியன் சட்டம் போட்டு, 2024 டிசம்பர் 28 முதல் அமலுக்குக் கொண்டுவந்தது. இந்த முனை உலகப் பொது. அந்த முனை இன்னும் ஊருக்கு ஊர்!

போகட்டும். பதினைந்து தினுசு பிளக்குகள் இருந்தாலும் உயிர் போகிற விஷயம் ஒன்றுதான். ஜெர்மன்காரர் பட்டையாக வைத்தாலும், பிரெஞ்சுக்காரர் நீட்டிவைத்தாலும், நம் வீட்டில் தடியாக இருந்தாலும், அது அந்த எர்த். நம் நாட்டில் மின்சாரம் தாக்கி வருடாவருடம் ஆயிரக்கணக்கானவர்கள் சாகிறார்கள். அதில் கிரைண்டரும் இஸ்திரிப் பெட்டியும் வாட்டர் ஹீட்டரும் காவு வாங்குகிற வீடுகளும் உண்டு. மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக்கிச் செருக உதவுகிற மலிவு அடாப்டர்கள், எதைச் செருகினாலும் வாங்கிக்கொள்கிற எக்ஸ்டென்ஷன் பெட்டிகள், 'எர்த் பின் எதற்கு சார்?' என்று அதைக் கழற்றி எறிகிற கைகள்... காரணங்களுக்குப் பஞ்சமில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஏமாற்று ஒன்று உண்டு. பல பழைய வீடுகளில் சாக்கெட்டில் மூன்று ஓட்டை இருக்கும். ஆனால் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது! அல்லது வயர் இருக்கும். அது போய்ச் சேர்கிற எர்த் குழி வருஷக்கணக்காகத் தண்ணீரே காணாமல் வறண்டு கிடக்கும். பார்ப்பதற்கு எல்லாம் பத்திரமாகத்தான் தெரியும்.

அடுத்த தடவை எலெக்ட்ரீஷியன் வீட்டுக்கு வரும்போது, ஃபேன் ரெகுலேட்டரை மட்டும் காட்டி அனுப்பிவிடாதீர்கள். 'எல்லா பாயிண்ட்டிலும் எர்த் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்' என்று கேளுங்கள். அரைமணி நேர வேலை. கூலி கொஞ்சம் கூடக் கேட்பார். பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.